சாரலில் நடுங்கும் குஞ்சுகள்... வீட்டுக்குள்ளேயே ஒரு கதகதப்பு மூலை!

திருவிழாக் கடைவீதியில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளைப் பார்த்துவிட்டால் பிள்ளைகளின் கால் அந்த இடத்தைவிட்டு நகராது. அடம்பிடித்து இரண்டு குஞ்சு வாங்கி வந்து, காலி அட்டைப்பெட்டியில் விட்டு, ஒரு கைப்பிடி அரிசியும் தூவி விடுவார்கள். முதல் ராத்திரி முழுக்க 'கீச் கீச்' என்று வீடே அதிரும். இரண்டாம் நாள் குஞ்சுகள் சுணங்கும். மூன்றாம் நாள் காலையில் பெட்டியில் சத்தமே இருக்காது. "சாயக்குஞ்சு தங்காதுல்லா... விடு" என்று சமாதானம் சொல்லி, வாழைமரத்து அடியில் குழி தோண்டுவார் ஆச்சி. பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாது.

சாயத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம். பெரும்பாலும் அந்தக் குஞ்சைக் கொன்றது குளிர்!

முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பெட்டைக்குஞ்சுதான் வேண்டும். சேவல்குஞ்சு அங்கே உதவாது. பொரிப்பகங்களில் அப்படிக் கழித்துக் கட்டப்படும் சேவல்குஞ்சுகள்தான் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகின்றன. பொரிந்து ஓரிரு நாள்கூட ஆகியிருக்காது. பொரிவதற்குச் சற்று முன்பு முட்டையின் மஞ்சள் கருவில் மிஞ்சியதைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 72 மணி நேரத்துக்கு அதுதான் அதன் கட்டுச்சோறு. அதனால்தான் தீனி தண்ணீர் இல்லாமலும் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. மூன்றாம் நாள் அந்தச் சோறு தீர்ந்துபோகிறது. அதற்குள் கதகதப்பான இடமும் தண்ணீரும் தீனியும் கிடைத்த குஞ்சு பிழைக்கும். கிடைக்காதது போய்ச்சேரும்.

தென்காசி வட்டாரத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் கடுமையானது.

சீசன் வந்தால் சிக்கல்

ஜூன் மாதம் பிறந்தால் ஊரே குற்றாலத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பும். மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் குளித்து, நடுங்கிக்கொண்டே சூடாக பஜ்ஜி தின்று, பிரானூர் பார்டருக்குப் போய் நாட்டுக்கோழியை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்புவதில் ஒரு சுகம். அந்தச் சுகத்தைத் தரும் சாரலும் காற்றும்தான், இலஞ்சியிலும் மேலகரத்திலும் பண்பொழியிலும் குஞ்சு வளர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது அந்தக் காற்று. சுரண்டை பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று அது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு அதன் வேகம் தெரியும், வேட்டியைப் பிடித்துக்கொள்ளவே ஒரு கை வேண்டும். ஓட்டு இடுக்கிலும் கதவுக்கு அடியிலும் அது நுழையாத வீடு கிடையாது. கூடவே ஈரப்பதம். துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் நமுத்துக் கிடக்கும். வெல்லம் கசியும். தீவன மூட்டையில் பூசணம் கட்டும்.

சரி, சீசன் முடிந்து வெயில் வந்த பிறகு குஞ்சு இறக்கலாமே? இறக்கலாம். ஆனால் நாட்டுக்கோழி விற்கும் எடைக்கு வர நான்கைந்து மாதம் பிடிக்கும். தீபாவளிக்கு விற்க வேண்டும் என்றால் ஜூன், ஜூலையில் குஞ்சு கையில் இருந்தாக வேண்டும். தீபாவளியைத் தவறவிட்டால் கார்த்திகை பிறந்துவிடும். சபரிமலைக்கு மாலை போடும் மாதத்தில் கோழி வியாபாரம் படுத்துவிடும். ஆகவே இருபது, முப்பது குஞ்சு வளர்த்துப் பண்டிகைச் செலவைச் சமாளிக்கும் பெண்களுக்கு வேறு வழியில்லை. வருஷத்திலேயே குஞ்சுக்கு ஆகாத பருவத்தில்தான் அவர்கள் குஞ்சு வளர்க்க வேண்டியிருக்கிறது. இருபதில் எட்டு செத்தால் லாபம் அத்தோடு போயிற்று.

தாய்க்கோழி என்ன செய்கிறது?

அடைக்கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நமக்கு அது கொதிக்கும் காய்ச்சல். அந்தச் சூட்டில்தான் 21 நாளில் குஞ்சு பொரிகிறது, பிறகும் சிறகுக்கு அடியில் அதே சூட்டில்தான் ஒண்டிக்கொள்கிறது. புதுக்குஞ்சின் மேலிருக்கும் பஞ்சு பார்க்கத்தான் அழகு, குளிரைத் தாங்காது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறமை இரண்டு, மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். நிஜ இறகு முளைத்து மூட நாலைந்து வாரம்.

வீட்டில் அடைக்கோழி இருந்தால் பாதிக் கவலை விட்டது. சிறுவிடைக் கோழி இதில் பேர்போனது. வாங்கி வந்த ஒரு நாள் குஞ்சுகளை இருட்டிய பிறகு சத்தம் இல்லாமல் அதன் சிறகுக்கு அடியில் தள்ளிவிட்டால், பெரும்பாலும் விடிந்ததும் 'என் பிள்ளைதான்' என்று கூட்டிக்கொண்டு மேயக் கிளம்பிவிடும். வளரும் வரை பஞ்சாரத்தைக் கவிழ்த்துப் பாதுகாத்தால் போதும். அடை வைக்கும்போது இடிச் சத்தத்துக்கு முட்டை கூமுட்டையாகிவிடும் என்று இரும்புத்துண்டும் வற்றல் மிளகாயும் போடுவார்கள். அது ஆச்சிகளின் மனத்திருப்தி. ஆனால் அந்த முட்டைக்கூடையை வீட்டின் எந்த மூலையில் வைப்பது என்பதில் அவர்கள் கண் தப்பியதே இல்லை. காற்று அடிக்காத, ஈரம் ஏறாத, ஆள் நடமாட்டம் குறைந்த மூலை. இன்றைக்கு 'புரூடர்' என்று சொல்வதும் அதே மூலைதான், கூட ஒரு விளக்கு.

இதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நம்மூரில் மட்டும் இல்லை. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ரெயோமூர் 1749-ல் கோழிக்குஞ்சு பொரிக்கவைக்கும் கலையைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். மட்கும் சாணக்குவியலின் சூட்டில் முட்டையைப் பொரிக்கவைத்து, வெளிவந்த குஞ்சுகள் ஒண்டிக்கொள்ள ஆட்டு ரோமத்தோலால் 'செயற்கைத் தாய்' செய்துபார்த்த மனிதர் அவர்.

எந்த அறை? எந்த மூலை?

குற்றாலப் பக்கத்தில் முதல் விதி இதுதான்: மேற்குச் சுவர் வேண்டாம். சாரல் மேற்கிலிருந்துதான் அடிக்கும். சீசன் முழுக்க அந்தச் சுவர் ஈரம் குடித்துக் குளிர்ந்து கிடக்கும். கிழக்குப் பக்கத்து அறையோ, நடுவில் இருக்கும் சாமான் அறையோ நல்லது. அடுக்களை வேண்டவே வேண்டாம். புகை குஞ்சுக்கு ஆகாது, குஞ்சின் எச்சம் நம் சாப்பாட்டுக்கு ஆகாது.

இருபது குஞ்சுக்கு ஆரம்பத்தில் ஐந்தடிக்கு இரண்டடி இடம் போதும், அதாவது குஞ்சுக்கு அரை சதுர அடி. நாலாவது வாரத்தில் அதை இரண்டு மடங்காக்கியே தீர வேண்டும். சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகள் பழக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பெரிய பெட்டிகள் இரண்டு, மூன்றைப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக நிறுத்தினால் தடுப்பு தயார். ஏன் வட்டம்? குளிரெடுத்தாலோ, பயந்தாலோ குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மூலையே இல்லை என்றால் அந்தச் சாவும் இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே பயன்படுத்துவதாக இருந்தால் நாலு மூலையிலும் அட்டையை வளைத்து ஒட்டிவிடுங்கள்.

தடுப்பின் கீழ்ப்பாகத்தில் காற்றே நுழையக் கூடாது. மேலே திறந்தே இருக்க வேண்டும். குளிருகிறதே என்று சாக்கைப் போட்டு முழுக்க மூடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. உள்ளே குஞ்சுகள் விடும் மூச்சின் ஈரமும் எச்சத்தின் நெடியும் வெளியேற வழியில்லாமல் போகும். "ஏட்டி, அடியில காத்து அடைக்கணும், மேல மூச்சு விடணும்" என்று ஆச்சிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பூனைக்குப் பயந்தால் கம்பி வலை போடுங்கள்.

அடுத்து, தரை. டைல்ஸ் போட்ட வீடுகளில் சாரல் நாளில் நம் காலே வெடவெடக்கும். வெறும் தரையில் விட்ட குஞ்சுக்கு எத்தனை விளக்குப் போட்டும் பயனில்லை, வயிறு வழியாகக் குளிர் ஏறும். முதலில் ஒரு சாக்கு. அதன்மேல் இரண்டு, மூன்று அங்குலத்துக்கு நன்றாகக் காய்ந்த நெல் உமி. பிரானூர் பக்கத்து மர அறுவை மில்களுக்கு அருகில் இருப்பவர்கள் மரச்சீவலையும் பரப்பலாம். மாவு போன்ற மரத்தூள் மட்டும் கூடாது, குஞ்சு அதைத் தீனி என்று தின்றுவைக்கும். முதல் மூன்று நாளைக்கு உமியின் மேல் செய்தித்தாள் விரித்து, தினமும் மாற்றி, நாலாம் நாள் எடுத்துவிடுங்கள். வழவழப்பான விளம்பரத்தாள் வேண்டாம். அதில் கால் வழுக்கி வழுக்கியே சில குஞ்சுகளுக்குக் கால் இரு பக்கமும் அகன்று, நிற்க முடியாமல் போய்விடும்.

எல்.இ.டி போட்டால் ஏமாற்றம்தான்

முன்பெல்லாம் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டால் முடிந்தது கதை. இப்போது வீடு முழுக்க எல்.இ.டி. 'பல்புதான் எரிகிறதே' என்று 9 வாட்ஸ் எல்.இ.டி-யைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தில் குஞ்சுகள் விறைத்துச் சாவதைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எல்.இ.டி-யை உருவாக்கியதே சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டத்தான்! குஞ்சுக்கு வேண்டியது நேர்மாறு. எலெக்ட்ரிக்கல் கடையில் 'பழைய குண்டு பல்பு' என்று கேட்டு வாங்குங்கள். குஞ்சுக்கு 2 வாட்ஸ் என்று கணக்கு வைத்தால் இருபது குஞ்சுக்கு 40. சாரல் நாளுக்கு 60 வாட்ஸ் பல்பாகவே போடலாம். ஒரே பல்பாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போட்டால், நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். நிறையக் குஞ்சு வளர்ப்பவர்கள் சிவப்பு இன்ஃப்ராரெட் பல்பு போடுகிறார்கள். சூடு நன்றாக வரும், சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். ஆனால் அதன் சூடு மிக அதிகம், அட்டைத் தடுப்புக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவரவே கூடாது.

எந்தப் பல்பானாலும் வயரை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். சங்கிலியோ கம்பியோ தனியாகக் கட்டி, ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்கும்படி செய்யுங்கள். கீழே இருப்பது காய்ந்த உமி, சுற்றிலும் அட்டை. பல்பு விழுந்தால் குஞ்சோடு வீடும் போகும்.

முதல் வாரம் பல்புக்கு அடியில், குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும், 32, 29, 26 என்று. பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினாலே போதும். அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய மீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

மீட்டரைவிட நம்பகமான ஒன்று குஞ்சுகளின் நடத்தை. பல்புக்கு அடியில் முட்டி மோதிக்கொண்டு உரக்கக் கத்தினால் குளிர். பல்பைவிட்டு விலகி ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடந்தால், எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் இடுக்கைக் கண்டுபிடித்துவிடலாம். கோலப்புள்ளி வைத்த மாதிரி பரவலாகப் படுத்து, அவ்வப்போது மெல்ல முனகிக்கொண்டிருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

மின்சாரம் போனால்? ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுவது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றி நடுவில் வைத்துவிட்டால் குஞ்சுகள் அதைத் தாயாக நினைத்து ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் மாற்ற வேண்டும். கிராமங்களில் ஓட்டை போட்ட மண்பானைக்குள் கரி நெருப்பு வைக்கும் பழக்கம் உண்டு. காற்றோட்டமான கொட்டகைக்கு அது சரி. கதவடைத்த அறைக்குள், அதுவும் ஆட்கள் படுத்திருக்கும் வீட்டுக்குள் கரி நெருப்பு கூடவே கூடாது. கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

முதல் தண்ணீர், முதல் தீனி

குஞ்சு வருவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே பல்பைப் போட்டு உமியைச் சூடாக்கிவையுங்கள். வந்ததும் முதலில் தண்ணீர், காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கரைத்து. ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து அலகை ஒருமுறை தண்ணீரில் தொட்டு விட்டால் போதும், பிறகு தானே குடிக்கும். தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். கல் இல்லாத தட்டில் குஞ்சு இறங்கி நனைந்துவிடும், நனைந்த குஞ்சு சாரல் நாளில் பிழைப்பது கஷ்டம். ஓரிரு மணி நேரம் கழித்துத் தீனி. முதல் நாள் செய்தித்தாளின் மேலேயே உடைத்த மக்காச்சோளக் குருணையைத் தூவலாம், மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம். அரிசிக் குருணையை மட்டுமே போட்டு வளர்த்தால் வயிறு நிறையும், இறகு முளைக்காது. இறகுக்குப் புரதம் வேண்டும், குஞ்சுத் தீவனத்தில் அது ஏறக்குறைய 20 சதவிகிதம் இருக்கும். தீவன மூட்டையைப் பலகையின் மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். பூசணம் கட்டிய தீவனம் விஷம். காசு போனால் போகிறது என்று கொட்டிவிடுங்கள்.

ஈரம்தான் எமன்

குளிரில் தப்பிய குஞ்சை மூன்றாவது, நாலாவது வாரத்தில் கொண்டுபோவது ரத்தக்கழிச்சல். எச்சத்தில் வெளிவரும் நுண்ணுயிரி, ஈரமும் கதகதப்பும் சேர்ந்த உமியில் முதிர்ந்து, மறுபடியும் குஞ்சின் வாய்க்குப் போகிறது. குற்றாலச் சீசனில் நாமே விளக்குப் போட்டுச் சூடாக்கி வைத்திருக்கும் ஈர உமியைவிட அதற்கு வசதியான இடம் ஏது? ஆகவே தினமும் உமியைக் கிளறுங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்ததை அன்றன்றைக்கே அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி போடுங்கள். ஒரு கைப்பிடி உமியை இறுக்கிப் பிடித்துவிட்டு விரியுங்கள். உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டை மாதிரி நின்றால் மாற்றியே ஆக வேண்டும். அப்புறம், மண்டியிட்டுக் குஞ்சின் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய் ஒரு நிமிஷம் மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இருபத்துநாலு மணி நேரமும் அங்கேயே கிடக்கும் குஞ்சின் கண்ணும் நெஞ்சும் என்ன பாடுபடும்?

எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 எண் இருக்கிறது. பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சை மட்டும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி விட்டால் சரியாகிவிடும்.

தடுப்பூசி விஷயத்தில் சின்னதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, இரண்டாம் வாரம் கம்போரா நோய்க்கு, நாலாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு மறுபடி. ஆனால் மருந்துக் குப்பியில் நூறு, இருநூறு குஞ்சுக்கானது இருக்கும். திறந்த மருந்தை எடுத்து வைத்து மறுநாள் போட முடியாது. இருபது குஞ்சுக்காரர் 'இதுக்குப் போய் முழுக்குப்பியா' என்று விட்டுவிடுகிறார். ஒரே தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் பேசிவைத்து ஒரே வாரத்தில் குஞ்சு இறக்கினால் ஒரு குப்பி எல்லோருக்கும் ஆயிற்று. எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்குக் கால்நடைத்துறை பிப்ரவரியில் நடத்தும் முகாம் இருக்கிறது. குஞ்சு வளர்ப்புப் பயிற்சிக்கு, தென்காசியை அடுத்த ஊர்மேலழகியான் வேளாண் அறிவியல் மையத்திலும், திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

எல்லையோரம் என்பதால் இன்னொன்று. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம், 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் நடந்த மாதிரி, புளியரை சோதனைச்சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பார்கள். அந்த நாள்களில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத குஞ்சை, விலை மலிவு என்று வாங்க வேண்டாம். எந்த நாளானாலும், குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகள் சாப்பிட வர வேண்டும். குஞ்சுக்கு முத்தம் கொடுப்பது, கட்டிலில் படுக்கவைத்துக்கொள்வது எல்லாம் ஆகாது. சால்மோனெல்லா கிருமி சின்னக் குழந்தைகளைத்தான் முதலில் படுத்தும்.

எப்போது வெளியே விடலாம்?

நாலு வாரம் கழிந்து முதுகிலும் நெஞ்சிலும் இறகு மூடியிருந்தால் பகலில் விளக்கை அணைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று நாள் ஒன்றோடொன்று நெருக்காமல் இருந்தால் ராத்திரியிலும் அணைக்கலாம். வெளியே விட, சாரல் விட்டு வெயில் அடிக்கும் ஒரு முற்பகலைப் பார்த்து, முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும். காக்கை, கீரி, பூனை மூன்றும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருக்கும். ஆகவே பஞ்சாரத்துக்குள் விடுவது நல்லது, அல்லது வீட்டில் யாராவது ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பள்ளி விடுமுறை நாளாக இருந்தால் அந்த வேலைக்குப் பிள்ளைகளே போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். தூறல் ஒரு சொட்டு விழுந்தாலும் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே கொண்டுவந்து, எண்ணிப் பார்த்து, நனைந்தது எதுவென்று தேடித் துடைத்து, அன்றைக்கு ராத்திரி மட்டும் மறுபடி பல்பைப் போட்டுவிடுங்கள்.